சிரங்கும் செல்போனும்

(காட்பாடியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் குடும்ப மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அந்த ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வையுங்கள். இந்த வெயிலில் உட்கார்ந்து கேட்கிற உங்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் நோயைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தெல்லாம் ஃபைலும் கையுமாக வருகிறார்கள். காந்தி ரோட்டில் டீ ஆற்றுகிறவருக்கே, கிட்னி டெஸ்டில் பார்க்கும் கிரியேட்டினின் எவ்வளவு இருக்கணும் என்று தெரியும்!

அப்படிப்பட்ட ஊரில், நள்ளிரவு ஒரு மணிக்குப் போனில் நோய் தேடுகிறவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு தம்பி. அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நைட் ஷிஃப்ட். இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. நம் பாட்டியாக இருந்தால் ஆணுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று சொல்லி, சாமிக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டுத் தூங்கியிருப்பார். இவன் போனில் தேடினான். தூக்கக் குறைவு, காபி என்று முதலில் வந்தது. அது அவனுக்குப் போதவில்லை. இன்னும் கீழே போனான், மோட்டார் நியூரான் நோய் வந்தது. தசை கரைந்து ஆளையே முடக்கிவிடும் நோய். உலக அளவில் வருஷத்துக்கு லட்சத்தில் ஓரிருவருக்குப் புதிதாக வருவது. அதிலும் கை கால் பலம் குறைவதுதான் முக்கிய அடையாளம்; வெறும் இமைத் துடிப்பு அல்ல. ஆனால் அந்த நேரத்தில் லட்சத்தில் அந்த ஒருவன் நான்தான் என்றே தோன்றும்.

அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துத் தினமும் கெண்டைக்காலை அளந்தான். இரண்டு காலுக்கும் அரை இன்ச் வித்தியாசம் தெரிந்த அன்றைக்கு அழுதுவிட்டானாம். யாருக்குத்தான் இரண்டு காலும் ஒரே அளவு?

இப்படி இணையத்தில் நோயைத் தேடித் தேடிப் பயப்படுவதற்கு சைபர்காண்ட்ரியா என்று பெயர். 2008-ல் மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று இணையத்தில் தேடினால், காபியை நிறுத்தியதால் வரும் தலைவலியும் மூளைக்கட்டியும் கிட்டத்தட்ட சமமாக வந்து நின்றன. வாழ்க்கையில் இரண்டும் சமமா? தேடுபொறிக்கு எது பொதுவானது, எது அபூர்வம் என்ற கணக்கு கிடையாது. நாம் எதை அதிகம் தட்டுகிறோம் என்பது போன்ற கணக்குகள்தான் உண்டு.

ஆனால் தப்பு போனில் மட்டும் இல்லை. இப்போது எல்லோரும் எச்சில் விழுங்குவதைக் கொஞ்சம் கவனியுங்கள். தொண்டையில் ஏதோ இருப்பது மாதிரி இல்லையா? அவ்வளவுதான் விஷயம். எந்த உறுப்பைக் கவனித்தாலும் அது பேச ஆரம்பிக்கும். பதற்றம் வந்தால் நெஞ்சு படபடக்கும், விரல் மரக்கும். அதையும் தேடுவோம். நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. நோயியல் படித்த வருஷம் முழுக்க என் மண்ணீரலை நானே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

எல்லாவற்றையும்விட மோசமானது, நடுவில் கிடைக்கும் அந்த நிம்மதி. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஒரு பக்கம் சொல்லும். பத்து நிமிஷம் சுகம். அப்புறம், 'நமக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தால்?' மறுபடி தேடல். சிரங்கைச் சொறிகிற மாதிரிதான். சொறியும்போது சுகமாக இல்லாவிட்டால் யார் சொறியப் போகிறார்கள்? ஸ்கேன் எடுத்தாலும் அதே கதைதான். ரிப்போர்ட் நார்மல் என்றால் ஒரு வாரம் தாங்கும்.

நெஞ்சை அடைக்கிறது, வாய் கோணுகிறது, ஒரு பக்கம் கை விழுகிறது என்றால் போனில் தேட வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மற்றதற்கு ஒரே டாக்டரிடம் போங்கள், நாலு பேரிடம் வேண்டாம். பயம் விடவில்லை என்றால் அதற்கே சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றுகிற சிபிடி முறை இதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அந்தத் தம்பியிடம் 'தேடாதே' என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கவா போகிறான்? தேடத் தோன்றினால் அரை மணி நேரம் தள்ளிப் போடு என்றேன். முதல் வாரம் முடியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருந்தான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் கண் இன்னும் துடிக்கிறதாம். இன்ச் டேப்பைத் தேடி அம்மா வீட்டையே புரட்டியிருக்கிறார். அதனால் டிராயரில் திரும்ப வைத்துவிட்டேன் சார் என்றான்.