பார்த்தெழுதாத ஒரே விடை

நேயர்களுக்கு வணக்கம். எச்.ஐ.வி. தொற்றியவர்களின் உடலில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், உருவாகிறதா என்றால், சில வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் தேடுவதே பெரும்பாலும் அதைத்தானே! ஆனால் அவற்றில் பல வைரஸைத் தடுப்பதில்லை. மீதி தடுக்கத் தொடங்குவதற்குள் வைரஸ் உருமாறிவிடுகிறது. போதாததற்கு, அதன் மேற்புறத்தில் உள்ள ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை மூலக்கூறுகள். நம் செல்களே அவற்றைப் பூசிவிடுவதால், நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அவை அந்நியமாகத் தெரிவதில்லை.

இருந்தும் ஒரு சிலருக்கு, தொற்றி இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகு, பலவகை எச்.ஐ.வி.யை முடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2010-ல் அறிவித்த விஆர்சி01 அப்படிப்பட்டது. சோதித்துப் பார்த்த வைரஸ் ரகங்களில் சுமார் 90 சதவீதம் அதற்கு அடங்கின.

அப்புறம் வந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பான செய்தி. வேறு நோயாளிகளிடமும் இதே வகை ஆன்டிபாடிகள் கிடைத்தன. அவரவருக்குத் தொற்றிய வைரஸ் வேறு, உடல் வேறு. தனித்தனி அறைகளில் தேர்வெழுதியவர்கள் பார்த்தெழுத வழியே இல்லாமல் ஒரே விடையை எழுதிய மாதிரி! ஆன்டிபாடி என்பது கனமானது, இலேசானது என இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. இந்த வகையில் கனமான சங்கிலி விஎச்1-2 என்ற மரபணுவிலிருந்து பிறக்கிறது. இலேசான சங்கிலியின் ஒரு வளையத்தில் ஐந்தே அமினோ அமிலங்கள், வழக்கத்தைவிடக் குட்டை. போய் ஒட்டும் இடமும் ஒன்றே: செல்லுக்குள் நுழைய வைரஸ், நம் செல்லின் மேலுள்ள சிடி4 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இடம். அதை மாற்றிக்கொண்டால் நுழைய முடியாது என்பதால் வைரஸால் அங்கே அதிகம் விளையாட முடிவதில்லை.

இன்னொரு ஒற்றுமை, அளவுக்கு மீறிய மரபணு மாற்றம். விஆர்சி01-ன் கனமான சங்கிலி மரபணுவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எழுத்துகள் மாறியிருந்தன. சாதாரண ஆன்டிபாடிகளில் அது பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. ஆண்டுக்கணக்கில் வைரஸைத் துரத்தியதன் தடயம் அது. இத்தனைக்கும், விஆர்சி01 யாரிடம் கிடைத்ததோ, அந்த நோயாளிக்கு அதனால் பெரிய பலனில்லை. அவர் உடலில் இருக்கும் வைரஸ் பெரும்பாலும் அதற்குள் தப்பித்திருக்கும்.

சரி, தடுப்பூசிக்கு இது எப்படி உதவும்? தொடக்க மரபணு தெரிந்துவிட்டதால், அதைத் தாங்கிய அரிய பி செல்களை (ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளை அணுக்களை) மட்டும் தட்டி எழுப்ப ஒரு புரதம் வடிவமைத்தார்கள். 2022-ல் வெளியான முடிவில், அது செலுத்தப்பட்ட 36 பேரில் 35 பேருக்கு அந்த செல்கள் பெருகியிருந்தன. முதிர்ந்த ஆன்டிபாடி இல்லை, அதன் முன்னோடிதான். அடுத்தடுத்த ஊசிகளில் எதைக் கொடுத்து அந்த செல்களை மீதி மாற்றங்களுக்கு நகர்த்துவது என்பதில்தான் ஆய்வாளர்களின் கவனம் இப்போது இருக்கிறது.