சாமி வரம் கொடுத்தாலும்...

(2018 அக்டோபர் 21, ஞாயிறு மாலை, நியூஜெர்சி மவுண்ட் லாரலில் நண்பர்கள் கூட்டிய தேர்தல் கூட்டத்தில் பேசியது. பதிவைக் கேட்டு எழுதும்போது அங்கங்கே கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன்.)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் சங்கத் தலைவர்கள் மூவர் அவர்களே! யாரை முதலில் சொன்னாலும் மற்ற இருவரும் பொங்கல் விழாவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள் என்பதால், மூவரையும் ஒரே மூச்சில் வணங்கிக்கொள்கிறேன். இது சங்கக் கூட்டம் அல்ல. வரிவிலக்கு பெற்ற சங்கம் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரச்சாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். அதனால் மூவரும் இங்கே தனிமனிதர்களாக வந்திருக்கிறார்கள். பொன்னாடை மட்டும் சங்கத்துப் பீரோவிலிருந்து வந்தது என்று கேள்வி.

தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுக்கொடுத்து மாடியை நமக்குத் தந்த உணவகத்து அண்ணாச்சி அவர்களே, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் ஒன்றரை மணி நேரமாகப் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே! (இங்கே அவருக்காக நாலு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். அதை விட்டுவிடுகிறேன். அவருக்கு வடை பிடித்திருந்தது என்பதுதான் சாரம்.)

அழைப்பிதழில் நான்கு விஷயம் பேசுவதாகப் போட்டிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு, வரி, மருந்து விலை, பெண்கள் நலம். நம் மூன்றாவது காங்கிரஸ் தொகுதியில், பர்லிங்டனும் ஓஷனும் சேர்ந்த இந்தத் தொகுதியில், மறுபடி நிற்கும் குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர் டாம் மக்கார்தர் இந்த நான்கிலும் என்ன செய்தார், என்ன செய்வதாகச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். காப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். இதை நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் சொல்வேன் என்று என் மனைவி கிண்டல் செய்வார். என்ன செய்வது, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பூசாரி அங்கே நிற்கிறானே!

2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஒரு வரம் கொடுத்தது. உனக்குச் சர்க்கரை இருக்கிறதா, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா, புற்றுநோய் வந்து போயிருக்கிறதா என்று கேட்டுக் காப்பீட்டு நிறுவனம் உன்னை ஒதுக்கக்கூடாது, அதற்காகக் கூடுதல் விலையும் கேட்கக்கூடாது. 2017இல் அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டு வேறொன்று கொண்டுவர குடியரசுக் கட்சி கிளம்பியது. மார்ச் 24 அன்று ஓட்டு தேறாது என்று தெரிந்து அவர்களே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அத்தோடு போயிருக்கும். போகவிடாமல் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்தவர் நம்முடைய ஆள். மக்கார்தர் திருத்தம் என்றே அதற்குப் பெயர். மே 4ஆம் தேதி, 217க்கு 213 என்று மசோதா கீழவையில் நிறைவேறியது. எத்தனை பேருக்குக் காப்பீடு போகும் என்று கணக்குப் போடும் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமான சிபிஓவின் அறிக்கை வந்தது எப்போது? மே 24. விலை கேட்காமலே துணியைக் கிழித்துவிட்டார்கள். அறிக்கை சொன்ன கணக்கு, 2026க்குள் காப்பீடு இல்லாதவர்கள் இன்னும் 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுவார்கள் என்பது. ஏழைகளுக்கான மெடிகெய்டில் பத்து வருடத்தில் 83,400 கோடி டாலர் வெட்டு.

அந்தத் திருத்தம் என்ன சொல்கிறது? நோயைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்ற வரத்தை அது தொடவில்லை. மக்கார்தரும் அதைத்தான் மேடைக்கு மேடை சொல்கிறார். ஆனால் மாநில அரசு விரும்பினால் விலக்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்கிவிட்டால், 63 நாள் காப்பீடு விட்டுப்போன ஆளிடம் அவர் நோயைப் பார்த்து ஒரு வருடத்துக்கு விலை வைக்கலாம். உனக்குக் காப்பீடு உண்டு, விலைதான் உன்னால் கொடுக்க முடியாது! சாமி வரத்தைச் சாமியிடமே விட்டுவிட்டு, வாசலில் ஒரு பூசாரியை வேலைக்கு வைத்தார் மக்கார்தர். இங்கே எத்தனை பேர் ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் இரண்டு மாதம் இருந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், மேலாளர்கள் சிலரும் வந்திருக்கிறார்கள்.

அவர் காப்பீட்டுத் தொழிலில் இருந்து வந்தவர். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதது அல்ல. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உடல்நலமில்லாமல் இருந்த தன் மகளைப் பதினோரு வயதில் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதைத் தொட்டு நான் பேசமாட்டேன். 2017 மே மாதம் வில்லிங்பரோவில் அவர் நடத்திய கூட்டம் ஐந்து மணி நேரம் நெருங்கியது. வந்த கேள்விகளை நின்று வாங்கிக்கொண்டார், அதுவும் உண்மை. எனக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை, வெளியில் நின்றேன்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். 2013இல் என் தாயார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வரும்போது பெட்டியில் ஊறுகாய், அப்பளம், கூடவே ஒரு தென்னந்துடைப்பம். இரண்டாக மடக்கி, புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். அக்டோபர் வந்தது. இங்கே மேப்பிள் மரம் இலை கொட்டும் அழகைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறார்கள். என் தாயாருக்கு அது குப்பை. காலை ஆறு மணிக்கு வாசலைப் பெருக்காத வீடு வீடா? பெருக்கினார். ராத்திரி மழையில் ஊறிய இலையில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

என் மனைவி போனை எடுத்தார். அம்மா, "எனக்கு ஒண்ணும் இல்லடா. ரெண்டு முட்டை, கொஞ்சம் உளுந்து மாவு, ஒரு வெள்ளைத் துணி எடுத்துட்டு வா. புத்தூர் கட்டு எப்படிக் கட்டணும்னு நான் சொல்றேன்" என்கிறார். என் மனைவி, "அத்தை, பேசாம வண்டில ஏறுங்க" என்றார். ஏறினார். துடைப்பத்தைக் கீழே போடவில்லை. அவசரப் பிரிவில் இந்தக் கையில் துடைப்பம், அந்தக் கையில் வீக்கம். ஒரு நர்ஸ் வந்து அதை மெதுவாக வாங்கி, ஏதோ மதச் சடங்குக்குரிய பொருள் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் பிடித்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

பதிவு மேசையில் இருந்த பெண் கேட்டார், இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதா என்று. முழு வாக்கியத்தில் அம்மாவுக்குப் புரிந்தது இன்சூரன்ஸ் என்ற ஒரு சொல். நான் வாயைத் திறப்பதற்குள் இடது கையால் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை! (அமெரிக்காவில் மகனை வைத்துக்கொண்டு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அண்ணன் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் இருந்தது.) அந்தப் பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எந்த ஸ்டேட் மெடிகெய்டு இது?" என்றார். பதற்றத்தில் என் வாயில் "டி.என்." என்று வந்துவிட்டது. "ஓ, டென்னசியா!" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார்!

(சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.)

டென்னசியில் என் தாயார் பெயரைத் தேடி முடித்து, உண்மையைச் சொல்லி, நான் வாங்கிவைத்திருந்த பயணிகள் காப்பீட்டை நீட்டினேன். விளம்பரத்தில் ஐம்பதாயிரம் டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பாலிசி. எக்ஸ்ரேக்கு இவ்வளவு, அவசரப் பிரிவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டதற்கு மொத்தப் பில் 11,260 டாலர். காப்பீடு கொடுத்தது 1,400. சாமி ஐம்பதாயிரம் கொடுத்தார், பூசாரி ஆயிரத்து நானூறோடு கதவைச் சாத்திவிட்டார். அம்மாவிடம் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பில்லைப் பார்த்துவிட்டு, "பாதிக்குக் கேளுடா. குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா கையை அவங்களே வச்சுக்கட்டும்னு சொல்லு" என்றார். மொழிபெயர்க்காமல் போனில் பேரம் பேசினேன். உடனே கட்டினால் நாற்பது சதவீதம் குறைக்கிறோம் என்றார்கள். அம்மாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம், பாதி வாங்காமல் விட்டேன் என்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருப்பது இதற்காகத்தான். 2016இல் அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்தது. 65 தாண்டியவர். அந்த வயதுக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடைக்குமா? இங்கே வேலை பார்த்து வரி கட்டாத பெற்றோர், தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்த பிறகுதான் காசு கொடுத்துக்கூட மெடிகேரை வாங்க முடியும். இந்த வருட விலைக்கு மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதி மாதம் 422 டாலர், டாக்டர் செலவுக்கான பி பகுதி 134. இனாம் கேட்கவில்லை ஐயா, 556 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். ஐந்து வருடம் கழித்து வா என்கிறார்கள். எழுபது வயதுக்காரரிடம் சொல்கிற பதிலா இது? மெடிகெய்டுக்கும் 1996 சட்டப்படி பொதுவாக அதே ஐந்து வருடம்தான்.

இந்த நடுக்காலத்தில் நம் பெற்றோருக்கு இருக்கிற ஒரே திண்ணை, அந்த 2010 சட்டம் திறந்துவைத்த ஒபாமாகேர் காப்பீட்டுச் சந்தை. அங்கே கிரீன் கார்டு வந்த உடனே வாங்கலாம். சர்க்கரை இருந்தாலும் வாங்கலாம். வயதானவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு உண்டு. மக்கார்தர் ஓட்டுப் போட்ட மசோதா, மாநிலம் வேறு சட்டம் போடாவிட்டால், அதை ஐந்து மடங்காக்கியது. 64 வயது, வருட வருமானம் 26,500 டாலர் உள்ளவர் அப்போதைய சட்டத்தில் தன் பங்காக 1,700 டாலர் கட்டுவார், புதிய மசோதாவில் 13,000க்கும் மேல் என்று அதே சிபிஓ எழுதியது. போதாக்குறைக்கு அந்த 63 நாள். போன மாதம் திருச்சியிலிருந்து விமானம் ஏறிய பெரியவர் தொடர் காப்பீட்டுக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவார்? முதலமைச்சர் அட்டையையா நீட்டுவார்?

அது செனட்டில் செத்துப்போன மசோதாதானே, செத்த பாம்பை ஏன் அடிக்கிறாய் என்று கேட்பீர்கள். செத்தது உண்மை. 2017 ஜூலை 28 விடியுமுன் அவர்கள் கட்சி செனட்டர் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்டினார், 51க்கு 49 என்று தோற்றது. ஆனால் அதைப் பெற்றெடுத்த மக்கார்தர் அதை இன்னும் தவறென்று சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தால் தன் மிதவாத அணிக்குள்ளேயே சண்டை வந்து, அதன் இணைத்தலைவர் பதவியை விட்டார், திருத்தத்தை விடவில்லை. இன்னொன்று. ஹெராயின் போதைக்கு எதிரான இருகட்சிக் குழுவுக்கும் அவர் இணைத்தலைவர். நல்ல வேலை, பாராட்டுகிறேன். ஆனால் போதை சிகிச்சைக்குப் பெரிய பங்கு பணம் மெடிகெய்டிலிருந்து வருகிறது. ஓஷன் கவுண்டியில் போதையால் பிள்ளைகளை இழந்த வீடுகள் எத்தனை! ஒரு கையால் குழுவில் கையெழுத்து, மறு கையால் அந்தப் பணத்தில் வெட்டு.

வரி பற்றி இரண்டே வரி. டிசம்பரில் வந்த வரிச் சட்டத்துக்கு நியூஜெர்சியின் பன்னிரண்டு கீழவை உறுப்பினர்களில் ஆம் என்று ஓட்டளித்தவர் இவர் ஒருவர்தான். அவர் கட்சியின் மற்ற நால்வர்கூட எதிர்த்தே ஓட்டளித்தார்கள். மத்திய வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் மாநில, சொத்து வரிக்கு அந்தச் சட்டம் வைத்தது 10,000 டாலர் உச்சவரம்பு. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நான் பேச வேண்டாம். காப்பீடு வாங்காதவருக்கான அபராதத்தையும் அதே சட்டம் பூஜ்ஜியமாக்கியது. இந்த மே மாதம் நம் மாநிலம் தனியாகச் சட்டம் போட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டது.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மருந்து விலையும் பெண்கள் நலமும் இருக்கின்றன, அடுத்துப் பேசும் டாக்டர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். (அவருக்கும் ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. என் மேல்தான் தப்பு.) என் கோரிக்கையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

இந்த மாதம் 10ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு வரைவு விதி வெளியிட்டிருக்கிறது. அரசுக்குப் பாரமாவார்களா என்று பார்த்து கிரீன் கார்டு கொடுக்கும் விதி. அதில் 61 வயது தாண்டியிருப்பதே ஒரு குறையாகக் கணக்காகும். டிசம்பர் 10 வரை யாரும் கருத்து எழுதலாம், எழுதுங்கள். அப்புறம் அந்த ஐந்து வருடக் காத்திருப்பு. அதைக் காங்கிரஸ்தான் மாற்ற முடியும். அதனால் மக்கார்தரிடம் கேளுங்கள், எதிர்த்து நிற்கும் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம்மிடமும் கேளுங்கள். கிம் காப்பீடு பற்றி நிறையப் பேசுகிறார், நம் பெற்றோர் விஷயத்தை அவர் எந்த மேடையிலும் பேசி நான் இன்னும் கேட்கவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான், ஆனாலும் கேட்பேன்.

நவம்பர் 6, செவ்வாய். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை. கார் இல்லாதவர்கள் அண்ணாச்சியிடம் பெயர் கொடுங்கள், வண்டி வரும். ஐந்து வருடக் கோரிக்கைக்குக் கையெழுத்து நோட்டு மூன்றாவது வரிசையில் என் தாயாரிடம் இருக்கிறது. அவருக்கு ஓட்டு கிடையாது, மெடிகேருக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி. கையெழுத்துப் போட்டதும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எண்ணிவைத்திருக்கிறார்.