ஊர் சுற்ற உதவுவது கைப்பேசி மேப்பா, போய்வந்த நண்பரா? நண்பரே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மேப் ரசிகர்களே, கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்திருக்கும் பெருமக்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தோழர், "போன் இருக்கு, போனில் மேப் இருக்கு, இனி யாரிடம் வழி கேட்கணும்?" என்றார். வழி கேட்க வேண்டாம் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் தாம்பரத்தில் எந்தச் சந்தில் புகுந்தால் தப்பிக்கலாம் என்று எந்த நண்பராலும் சொல்ல முடியாது. அந்த மார்க்கை மேப்புக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால் பயணம் தாம்பரத்தோடு முடிகிறதா?

ஊட்டியிலிருந்து மசினகுடி போகணும். கல்லட்டி வழி சுமார் 30 கி.மீ. கூடலூர் சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாருக்கும் கல்லட்டி மேல்தான் ஆசை வரும். போய்வந்த நண்பர் சொல்வார்: "அது 36 கொண்டை ஊசி வளைவுப்பா. வெளியூர் வண்டியை அந்த வழியாக இறங்க விடமாட்டாங்க, தலைகுந்தா செக்போஸ்ட்டிலேயே திருப்பிடுவாங்க. மசினகுடியிலிருந்து ஏறி வா, பிரச்சினை இல்லை."

ஏறலாம், இறங்கக் கூடாது. ஏன்? சமவெளியில் ஓட்டிப் பழகியவர் மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார். பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் பழசென்றால் அதில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்துக் குமிழாகும். மிதிக்கிற அழுத்தம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

இதற்கு நண்பர் சொல்லும் வைத்தியம்: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. பெரும்பாலும் இரண்டாவது, வளைவு ரொம்பக் குறுகினால் முதலாவது. ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் விடாதே, 'எல்'லுக்கோ மேனுவலுக்கோ மாற்று. பிரேக்கில் காலை ஊன்றியே வைக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடு. கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடு. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. கொல்லிமலையின் 70 வளைவுக்கும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுக்கும் இதே பாடம்தான். மேப்பிலே இதற்கெல்லாம் என்ன இருக்கிறது? ஒரு நெளிந்த நீலக்கோடு!

லடாக்குக்கு வாருங்கள். மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ. என்று மேப் காட்டும். 'ஒரு ராத்திரி தங்கினால் போச்சு' என்று தோன்றும். தங்கும் இடம் வழியிலுள்ள சர்ச்சு என்றால் மாட்டிக்கொண்டீர்கள். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர், சர்ச்சு 4,290 மீட்டர். ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறிப் படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதனால் விவரம் தெரிந்த நண்பர் ஸ்ரீநகர் பக்கம் ஏறச் சொல்வார். 2,700 மீட்டரை ஒட்டியிருக்கும் கார்கிலில் தங்கி, 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் இரண்டு நாள் சும்மா கிடந்து, உடம்பு பழகியபின் மணாலி வழியாகத் திரும்பு என்பார். வழியிலுள்ள ஓடைகளை முற்பகலில் கடக்கச் சொல்வார். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தாண்டிவிடும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். சிம்மே எடுக்காத இடத்தில் எதிரணியின் மேப் என்ன செய்யும் நடுவர் அவர்களே?

வெளிநாட்டுக்கும் இதே கதைதான். சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியாவின் ஜொகூருக்குக் கிளம்புகிறீர்கள். சிங்கப்பூர்ப் பதிவு வண்டி என்றால் டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. மலேசியாவில் மலிவாக இருக்கிறதே என்று மானிய விலை 'ரான் 95' ரகப் பெட்ரோலைப் போடவும் கூடாது, வெளிநாட்டு வண்டிக்கு 'ரான் 97' ரகம்தான். இத்தாலியிலோ ஃப்ளோரன்ஸ் போன்ற பழைய நகர மையங்களில் வெளியார் வண்டி நுழையத் தடையுள்ள பகுதிகள் உண்டு. தடுப்புக் கட்டை இல்லாத இடங்களிலும் கேமரா இருக்கும். நீங்கள் ஊர் திரும்பி, போட்டோவெல்லாம் போட்டு முடித்து மாதக்கணக்கில் ஆனபின் அபராதம் வரும். அதற்கு முன்பே வாடகைக் கார்க்காரர் தன் கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்திருப்பார். ஓட்டல் உள்ளே இருந்தால், போய்ச் சேரும் அன்றே வண்டி நம்பரை அவர்களிடம் கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் காருக்கு எதிரி காற்று. பின்னாலிருந்து அடிக்கும்போது கதவைத் திறந்தால் கீல் வளைந்துவிடும், வழக்கமான காப்பீட்டில் அந்தச் செலவு சேராது. வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவை இரு கையால் பிடித்துத் திறக்க வேண்டும்.

"நண்பர் சொல்வது பழசாகிவிடுமே" என்று எதிரணித் தோழர் மடக்கினார். நியாயமான கேள்வி. 'ரோடு சூப்பர் மச்சி, போயிட்டு வா' என்பவரை நானும் நம்பமாட்டேன். அவரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் போனாய், என்ன வண்டி, எத்தனை பேர், ஏறினாயா இறங்கினாயா, அங்கே எத்தனை மணிக்கு இருந்தாய்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கூடலூர் வழியாக மைசூர் போகும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். பகலில் போனவருக்கு அந்தக் கேட் இருப்பதே தெரிந்திருக்காது. அவரை நம்பி ஒன்பதேகாலுக்குப் போய் நின்றால் காருக்குள்தான் படுக்கை.

மணி அடித்துவிட்டார்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரணித் தோழர் படியேறிக் காத்திருக்கிறார், நான் இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.