கல்லட்டி இறக்கமும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியும்

(குன்னூரில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். மலையில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிவிட்டன. "ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி ஓடுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை" என்ற புகாரும் கூடவே வந்துவிட்டது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். இறக்கத்தில் வேகத்தைத் தடுக்க வேண்டிய இன்ஜின் ஏன் பிடிக்கவில்லை? விடை பெட்டிக்குள் இருக்கிறது. இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியை மட்டும் பேசுகிறேன். ஏஎம்டி, சிவிடி என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் எல்லாம் வேறு கதை.

பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத் தொகுப்புதான் பிளானட்டரி செட். அதன் நடுவில் சன் கியர். அதைச் சுற்றி, கேரியர் என்ற சட்டத்தில் மாட்டிய பிளானட் கியர்கள். வெளியே, உள்பக்கம் பல் வெட்டிய ரிங் கியர். பற்கள் எப்போதும் கோத்தே இருக்கும். சன், கேரியர், ரிங் மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்து, ஒன்றில் விசையைக் கொடு, மற்றதில் வாங்கிக்கொள், வேலை அவ்வளவுதான். சன்னுக்கு 30 பல், ரிங்குக்கு 70 பல் என்று வையுங்கள். ரிங்கை நிறுத்திச் சன்னைச் சுற்றினால், கேரியர் ஒரு சுற்று வர சன் 3.33 சுற்று ஓட வேண்டும். ஏற்றத்துக்கான கியர் இது. சன்னை நிறுத்தி ரிங்கைச் சுற்றினால் 1.43. இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் நேர் 1. கேரியரை நிறுத்திவிட்டால் ரிங் எதிர்ப்பக்கம் சுற்றும், அதுதான் ரிவர்ஸ்.

பூட்டுவதும் நிறுத்துவதும் கிளட்ச் பேக்கின் வேலை. உராய்வு பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒன்றின் பல் உள்ளே ஹப்பில், மற்றதன் பல் வெளியே டிரம்மில். ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி அடுக்கை நெருக்கும். அழுத்தம் விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பி அனுப்பும். பிஸ்டனின் ரப்பர் சீல் கெட்டியாகிவிட்டால் ஆயில் கசிந்து, அழுத்தம் குறைந்து, பிளேட் வழுக்கிக் கருகும். கருகிய பிளேட்டை மாற்றிவிட்டுப் பழைய சீலையே விட்டால், அதே பெட்டியை மறுபடி இறக்க வேண்டிவரும். புதுப் பிளேட்டை அரை மணி நேரமாவது ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆயிலில் ஊறவைத்துத்தான் கோக்க வேண்டும். மூடும் முன் ஆயில் துளையில் அளவான அழுத்தத்தில் காற்றடித்துப் பாருங்கள். பிஸ்டன் 'தொப்'பென்று உட்கார்ந்தால் சரி; 'உஸ்' என்று காற்று போனால் சீல் போச்சு.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். பல பெட்டிகளில் முதல் கியரில் நிற்க வேண்டிய உறுப்பை, நம் உதாரணத்தில் ரிங்கை, பிடித்து நிறுத்துவது ஒன்வே கிளட்ச், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. இன்ஜின் இழுக்கும்போது ரிங் பின்பக்கம் சுற்றப் பார்க்கும். ஒன்வே கிளட்ச் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் சக்கரம்தான் கேரியரைச் சுற்றுகிறது, இன்ஜின் சன்னைப் பின்னிழுக்கிறது. உடனே ரிங் முன்பக்கம் நழுவும், ஒன்வே கிளட்ச் விட்டுவிடும். இன்ஜின் ஐடிலில் நிற்க, வண்டி தன்பாட்டுக்கு உருளும். போதாக்குறைக்கு, லிவர் 'டி' என்ற வழக்கமான ஓட்ட நிலையில் இருந்தால் பெட்டி மேல் கியருக்கும் தாவிவிடும்.

லிவரை 'எல்' என்ற கீழ் கியர் நிலைக்குத் தள்ளினால் லோ-ரிவர்ஸ் பிரேக் என்ற கிளட்ச் பேக்கும் சேர்ந்து பிடிக்கும். அது இரண்டு பக்கமும் விடாது; சக்கரம் இன்ஜினைச் சுற்றியே ஆக வேண்டும். ஒன்வே கிளட்ச் இல்லாத புதிய பெட்டிகளிலும் கீழ் கியரை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக்கில் வேகத்தைக் குறைத்துவிட்டு லிவரை மாற்றுங்கள். வேகத்தில் மாற்றினால் இன்ஜின் அலறும்.

மெக்கானிக்குகளுக்கு ஒன்று. செட்டுகளை ஒன்றோடொன்று இணைத்திருக்கும் பல பெட்டிகளில் இதே பிரேக்தான் ரிவர்ஸுக்கும். 'டி'யில் வண்டி நன்றாகக் கிளம்புகிறது, ரிவர்ஸ் எடுக்கவில்லை, 'எல்'லில் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் லோ-ரிவர்ஸ் பேக்கைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். 'டி'யில் வழுக்கி, 'எல்'லில் கிளம்பினால் போனது ஒன்வே கிளட்ச்.