குட்டிக் கதையில் அப்படி என்ன இருக்கிறது?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு வரிக் கதை, ஒரு வரிக் கதை என்கிறார்களே, நேரமில்லாதவர்களுக்காக எழுதுவதுதானே இது? இதில் என்ன ருசி?"

நேரமில்லாதவர்களுக்காக என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிக்க அரை நிமிடம் ஆகும், சரி. ஆனால் நல்ல குட்டிக் கதை அதற்கப்புறம்தான் வேலையைக் காட்டும்.

உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவை எடுத்துக்கொள்வோம். இந்திய-பாகிஸ்தான் பிரிவினைக் கலவரங்களைப் பற்றி 1948இல் 'சியாஹ் ஹாஷியே' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். எல்லாமே மிகச் சிறிய கதைகள். அதில் ஒன்று 'ஜெல்லி'. காலை 6 மணிக்கு, பெட்ரோல் பங்க் பக்கத்தில் தள்ளுவண்டியில் ஐஸ் விற்கிறவரைக் குத்திக் கொன்றுவிடுகிறார்கள். 7 மணி வரை உடல் ரோட்டிலேயே கிடக்கிறது. ஐஸ் உருகி அதன்மேல் சொட்டுகிறது. ஏழேகாலுக்குப் போலீஸ் உடலை எடுத்துப் போகிறது. ஐஸும் ரத்தமும் அங்கேயே கிடக்கின்றன. ஒரு குதிரை வண்டி அந்தப் பக்கம் போகிறது. அதிலிருக்கும் குழந்தை, உறைந்து பளபளக்கிற ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையை இழுத்து, ஜெல்லி என்று காட்டுகிறது. அவ்வளவுதான் கதை.

செத்தவருக்குப் பெயர் கிடையாது, மதம் கிடையாது. கொன்றது யார் என்றும் இல்லை. எஃப்.ஐ.ஆர். பாணியில் நேரம் மட்டும் கச்சிதமாக இருக்கிறது. 'ஐயோ' என்று ஒரு வார்த்தை மண்ட்டோ எழுதவில்லை, அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதையே இருபது பக்கம் எழுதியிருந்தால், நமக்கும் சேர்த்து அவரே அழுதிருப்பார். அந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பாள்? எனக்கு அதுதான் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கடைசி வரித் திருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வாரப் பத்திரிகைகளில் வந்த ஒரு பக்கக் கதைகள் பலவற்றில் திருப்பம்தான் சரக்கே. ஒருமுறை படித்துவிட்டால், விடை தெரிந்த விடுகதை. 'ஜெல்லி'யின் முடிவை இப்போதே சொல்லிவிட்டேன், ஆனாலும் தேடிப் படித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

இன்னும் சின்னதாக வேண்டுமா? குவாத்தமாலா எழுத்தாளர் அகஸ்டோ மோன்டெர்ரோஸோவின் 'டைனோசர்', 1959இல் வந்தது. ஸ்பானிய மொழியில் மொத்தமே 7 வார்த்தைகள். யாரோ கண் விழிக்கிறார்கள், டைனோசர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் தூங்குவதற்கு முன்னாலேயே அது இருந்திருக்கிறது! அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தூக்கம் வந்தது? ('விற்பனைக்கு: குழந்தை ஷூ, போட்டதே இல்லை' என்று ஒரு குட்டிக் கதை, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே எழுதியதாகச் சுற்றுகிறதே, அது அவருடையது என்பதற்கு ஆதாரமே இல்லை.)

எல்லாக் குட்டிக் கதையும் இப்படி அமைவதில்லை, நிறைய வெறும் துணுக்குகள்தான். அப்புறம் ஒரு விஷயம்: மண்ட்டோவின் தொகுப்பை ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். சின்னதுதானே என்று அடுத்ததற்குத் தாவினால் முந்தினது வீணாகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். சரி, அடுத்த கேள்வி.