அழுத்த அறை மருத்துவர்கள் ஆண்டுதோறும் கூடி என்ன செய்கிறார்கள்? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், இன்று இது ஒன்றுதான். படிக்கிறேன்.

"ஐயா, உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை தருகிற மருத்துவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, ஆண்டுக் கூட்டம் நடத்துகிறது என்றீர்கள். எந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை தரலாம் என்ற பட்டியலையும் அதே சங்கம்தான் போடுகிறது என்றீர்கள். கடைக்காரரே தராசையும் வைத்துக்கொண்டு முத்திரையும் தானே குத்திக்கொள்வது போல இல்லையா? அவர்களுடைய நெறிமுறை, கொள்கை எல்லாம் வெறும் பேச்சுதானே?"

நல்ல கேள்வி. கொஞ்சம் கோபமாகவும் கேட்டிருக்கிறார், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. பதிலில் ஒரு பாதியை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், கடைக்காரர் கையில்தான் தராசு இருக்கிறது. ஆனால் அந்தத் தராசில் அவர்கள் எதை நிறுத்தார்கள், எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். பழைய நேயர்கள் "மறுபடியும் சோடா பாட்டிலா" என்று சிரிக்கலாம், பரவாயில்லை. மூடிய சோடா பாட்டிலில் வாயு திரவத்தில் கரைந்து கிடக்கிறது. அழுத்தம் இருக்கும் வரைதான் அது. மூடியைத் திறந்ததும் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கடலாழத்திலிருந்து அவசரமாக மேலே வருகிற முக்குளிப்பவரின் உடம்பில் நைட்ரஜன் இப்படித்தான் குமிழியாகி மூட்டைப் பிடிக்கிறது, முதுகுத்தண்டைத் தாக்குகிறது. அதே விதியை நல்ல காரியத்துக்குத் திருப்பினால் அது சிகிச்சை: நோயாளியை மூடிய அறைக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் 0.3 மில்லிதான். மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் கரைந்திருப்பது மட்டும் 6 மில்லியைத் தொடுகிறது. ஓய்வில் இருக்கிற உடம்பு அதே 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது சுமார் 5 மில்லி. அதாவது சிவப்பணுவே இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிவிடலாம்! ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர் 1960-இல் பன்றிகளிடம் இதைச் செய்தே காட்டினார். "காட்டினார்" என்ற சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, சங்கத்துக்கு வருவோம். அண்டர்சீ அண்ட் ஹைபர்பாரிக் மெடிக்கல் சொசைட்டி, சுருக்கமாக யு.எச்.எம்.எஸ். 1967-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் சிலர் தொடங்கியது. அப்போது பெயரில் "ஹைபர்பாரிக்" கிடையாது, கடலடி மருத்துவச் சங்கம் மட்டும்தான். அவர்கள் கவலையெல்லாம் முக்குளிப்பவர்களும் நீர்மூழ்கிக் கப்பல்களும். அப்புறம் கரையில் இருக்கிற நோயாளிகளுக்கும் அழுத்த அறை பயன்படத் தொடங்கி, 1986-இல் பெயரும் நீண்டது. தென் பசிபிக் பகுதிக்கும் ஐரோப்பாவுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன.

இந்தத் துறைக்கு ஒரு பழைய வடு உண்டு. அதைச் சொல்லாமல் இவர்களுடைய நெறிமுறை புரியாது. கன்னிங்ஹாம் என்று ஒரு மருத்துவர். 1918 ஃப்ளூ காலத்தில் அழுத்தக் காற்று உதவுகிறது என்று நம்பத் தொடங்கியவர். பிறகு நீரிழிவு, ரத்தசோகை, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்றார். 1928-இல் கிளீவ்லாந்து நகரத்தில் அவருக்காக ஓர் இரும்பு உருண்டை எழும்பியது. குறுக்களவு 64 அடி, உள்ளே மாடி மாடியாக நோயாளி அறைகள், மருத்துவமனையே ஒரு பந்து! அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: பலன் இருக்கிறது என்கிறீர்களே, காட்டுங்கள். அவர் காட்டவில்லை. மறுபடியும் கேட்டார்கள். காட்டவில்லை. கடைசியில் உருண்டை மூடப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்பாகப் போனது.

போரெமா காட்டினார், கன்னிங்ஹாம் காட்டவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் நெறிமுறை முழுக்க அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். அழகான வாசகங்களை எந்தச் சங்கமும் எழுதிவிடும், நானே பத்து நிமிடத்தில் எழுதித் தருவேன். அதனால்தான் பட்டியலைப் பாருங்கள் என்கிறேன். முக்குளிப்பவரின் குமிழி நோய், ரத்தத்தில் காற்றடைப்பு, கார்பன் மோனாக்சைடு விஷம், தசையழுகல், கதிர்வீச்சுச் சிகிச்சை பல ஆண்டுக்குப் பிறகு விட்டுச்செல்கிற புண், நீரிழிவுக்காரர்களின் சில வகை ஆறாத கால்புண், இப்படிச் சிறிய பட்டியல்தான். திடீரென்று காது கேட்காமல் போவதை 2011-இல்தான் சேர்த்தார்கள். அத்தனை ஆண்டுகளாகச் சங்கம் இருந்தும் அதற்குள் நுழைய அவ்வளவு காலம் பிடித்தது. விளம்பரங்களில் நீங்கள் பார்க்கிற ஆட்டிசம், முதுமை, சோர்வு எதுவும் அதில் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2013-இல் இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது.

ஆண்டுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்றும் கேட்டிருந்தார். நான் போன கூட்டங்களில் பேசுகிறவர் முதல் ஸ்லைடிலேயே எந்த நிறுவனத்திடம் பணம் வாங்குகிறேன், எதில் பங்கு வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுத்தான் தொடங்குவார். பாதிப் பேர் அந்த ஸ்லைடை மூச்சு விடாமல் படித்துத் தள்ளிவிடுவார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியே கூடத்தில் அறை தயாரிக்கிற நிறுவனங்கள் அரங்கு போட்டிருக்கும். நேயர் சொன்ன கடை அங்கே இருக்கத்தான் செய்கிறது, நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆய்வு முடிவுகளைச் சுவரொட்டியாக ஒட்டி வைத்திருந்த வரிசையில் ஓர் இளம் மருத்துவர் நின்றிருந்தார். அவருடைய ஆய்வின் முடிவு "வேறுபாடு எதுவும் இல்லை". சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே மாதிரி. ஊத்திக்கொண்ட ஆய்வு என்று நாம் நினைப்போம் அல்லவா? அங்கேதான் கூட்டம் மொய்த்தது. தலை நரைத்த ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "போலிச் சிகிச்சையாக எதைக் கொடுத்தீர்கள்?"

இது இந்தத் துறைக்கே உரிய தலைவலி. மாத்திரை ஆய்வு என்றால் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். அழுத்த அறையில் காது "டப்" என்று அடைக்குமே, அதை எப்படி ஏமாற்றுவது? அதனால் கொஞ்சமாவது அழுத்தம் ஏற்றிச் சாதாரணக் காற்று கொடுப்பார்கள். கனடாவில் மூளை முடக்குவாதம் உள்ள 111 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2001-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு 1.75 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு 1.3 மடங்கில் வெறும் காற்று. இரண்டு குழுவும் தேறின, ஒரே அளவுக்கு. இதை எப்படிப் படிப்பீர்கள்? சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை, கவனிப்பும் உற்சாகமும் குழந்தைகளைத் தேற்றின என்று ஒரு தரப்பு. "பார்த்தீர்களா, 1.3 போதும்!" என்று இன்னொரு தரப்பு. வீட்டில் ஊதி வைத்துப் படுத்துக்கொள்ளும் துணிப் பை அறைகளை விற்பவர்கள் இந்த இரண்டாவது வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. 1.3 மடங்கு அழுத்தினால் 27 விழுக்காடு ஆக்சிஜனைத் தரையில் உட்கார்ந்து சுவாசிப்பதற்குச் சமம். அதற்கு ஒரு சிறிய மூக்குக்குழாய் போதும். சிகிச்சை என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 1.4 மடங்கு அழுத்தமும் கிட்டத்தட்ட தூய ஆக்சிஜனும் வேண்டும் என்பது யு.எச்.எம்.எஸ். வைத்திருக்கிற எல்லை. நடைமுறையில் 2 முதல் 3 மடங்கு. துணிப் பை அறைகளை இந்தச் சிகிச்சை என்று விற்பதற்கு எதிராகவே சங்கம் அறிக்கை விட்டிருக்கிறது. ஊர் உலகத்தில் எல்லாரும் அறை வாங்கினால் தங்களுக்குப் புகழ்தானே என்று அவர்கள் இருக்கவில்லை.

தங்கள் பட்டியலில் இருப்பதைப் பற்றியும் சண்டை போடுவார்கள். கார்பன் மோனாக்சைடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் ஆஸ்திரேலிய ஆய்வு பலன் இல்லை என்றது. 2002-இல் அமெரிக்க ஆய்வு, ஆறு வாரம் கழித்து நினைவு, கவனக் குறைபாடு 100-க்கு 46 பேருக்கு வர வேண்டியது 25 பேருக்குத்தான் வந்தது என்றது. முதல் ஆய்வில் பலரைப் பிற்பாடு தேடிப் பிடித்துப் பரிசோதிக்க முடியவில்லை என்பது ஒரு வாதம். இந்தச் சண்டையைக் கேட்க உட்கார்ந்தால் காபி நேரம் தவறிவிடும்.

இப்போது கொஞ்சம் விலகிப் போகிறேன். நேயர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் யார்?"

முதல் முறை பலர் உட்காரும் பெரிய அறைக்குள் நான் போனபோது நடந்தது. பருத்தி அங்கி மாட்டிக்கொண்டு, மருத்துவர் என்ற மிடுக்கோடு கதவருகே போனேன். தொழில்நுட்பர் ஒரு பெண், என்னைவிட இருபது வயது இளையவர், கையை நீட்டித் தடுத்தார். "பையில் என்னங்க?" ஒன்றுமில்லை என்றேன். "எடுங்க டாக்டர்." எடுத்தால், கண்மணி பார்க்கிற பேனா டார்ச்! வார்டில் வந்த பழக்கம், உள்சட்டைப் பையில் செருகியிருந்திருக்கிறேன். உள்ளே பேட்டரி. ஆக்சிஜன் கூடின இடத்தில் ஒரு பொறி போதும். அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. ஒரு டப்பாவில் போட்டு, பதிவேட்டில் என் பெயருக்கு நேரே "டார்ச் 1" என்று எழுதினார். தலைக்கு எண்ணெய் தடவியிருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி.

உள்ளே அழுத்தம் ஏறும்போது சைக்கிள் பம்ப் போலக் காற்று சூடானது. மூக்கைப் பிடித்துக் காதை ஊதி விட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் யாரோ மூடியோடு வைத்திருந்த காலி பிளாஸ்டிக் பாட்டில் படபடவென்று நசுங்கி ஒட்டிப்போனது. இறங்கி வரும்போது அறையில் மெல்லிய பனிமூட்டம் கட்டியது, பாட்டில் மறுபடி உப்பியது, ஆனால் மடிப்புத் தழும்புகள் அப்படியே இருந்தன.

அந்தப் பெண் என்னை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், 1997-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு நோயாளி கை சூடாக்குகிற சிறிய கருவியோடு அறைக்குள் போனதாகச் சொல்லப்படுகிறது. தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஓர் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள் தீயில் இறந்தான். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது.

அதனால்தான் யு.எச்.எம்.எஸ். ஆண்டுக் கூட்டத்துக்கு மருத்துவர்கள் மட்டும் போவதில்லை. செவிலியர்கள், தொழில்நுட்பர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். அறைகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கிற திட்டத்தையும் சங்கம் நடத்துகிறது. அங்கீகாரம் இல்லாத இடமெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இந்தச் சிகிச்சையை எழுதினால், எத்தனை மடங்கு அழுத்தம், தூய ஆக்சிஜனா, என் நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். நுரையீரல் உறையில் காற்று கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது, அதை யாராவது பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி அனுப்பிய நேயரே, தராசைப் பற்றிய உங்கள் சந்தேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அப்படி ஓர் அறை இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். கதவருகே யாராவது உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள். பார்க்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.