ட்ரீம்காஸ்ட்: கடையில் இருந்த பெட்டி, வரப்போகும் பெட்டியிடம் தோற்ற கதை

[திரையில்: 9/9/99 என்ற எண்கள் மட்டும்]

1999 செப்டம்பர் 9. சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் பெட்டியான ட்ரீம்காஸ்ட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நாள். தேதியையே விளம்பரமாக்கி, மாதக்கணக்கில் எதிர்பார்ப்பை ஏற்றி வைத்திருந்தார்கள். விலை 199 டாலர். முதல் 24 மணி நேரத்தில், கேம்களையும் சேர்த்து, ஏறக்குறைய 9.8 கோடி டாலருக்கு விற்பனை. இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் கம்பெனிக்கும் வாய்க்காது.

பதினாறு மாதம் கழித்து, 2001 ஜனவரி 31 அன்று, ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அதே சேகா அறிவித்தது.

மெஷின் மட்டமா? இல்லவே இல்லை. இந்தக் கன்ட்ரோலரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள்.

[திரையில்: கன்ட்ரோலர், நெருக்கமாக]

நடுவில் ஒரு சின்ன ஜன்னல் தெரிகிறதா? மெமரி கார்டைச் செருகினால், அதிலிருக்கும் குட்டித் திரை இந்த ஜன்னல் வழியாகத் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். அடுத்து என்ன வியூகம் என்பதை டிவியில் காட்டாமல், கையிலிருக்கும் இந்தத் திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் துளியும் தெரியாது. அப்புறம், பெட்டிக்கு உள்ளேயே மோடம். டெலிபோன் வயரை மாட்டினால் ஆன்லைனில் விளையாடலாம், அதுவும் 1999இல்! எனக்கு இந்தப் பெட்டி மேல் இன்றைக்கும் தனிப் பாசம் உண்டு. அதனால்தான் இந்த வீடியோ.

சரி, எங்கே சறுக்கியது? அதற்கு ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

1999 மார்ச். டோக்கியோவில் சோனி தன் அடுத்த பிளேஸ்டேஷனை அறிமுகப்படுத்துகிறது. பெட்டி இன்னும் தயாராகவில்லை. அமெரிக்கக் கடைக்கு அது வர ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் மேடையில் காட்டிய டெமோக்கள் எல்லோரையும் அசர வைத்தன. ஃபைனல் ஃபேன்டஸி 8 என்ற கேமில் வரும் நடனக் காட்சி, முன்பு வீடியோவாக மட்டுமே பார்த்தது, இப்போது சிப்பே அந்த நொடியில் வரைந்து காட்டுகிறது. அந்தச் சிப்புக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: எமோஷன் எஞ்சின். வேகத்தைச் சொல்லும் பெயரே கிடையாது, உணர்ச்சியைச் சொல்லும் பெயர்.

கூடவே ஓர் எண்ணையும் வீசினார்கள். நொடிக்கு 6.6 கோடி பாலிகன்கள். கேமில் தெரியும் உருவங்கள் எல்லாம் இந்தச் சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளைக் கோத்துச் செய்தவைதான். சேகா தன் பெட்டிக்குச் சொன்ன எண் 30 லட்சத்துக்குச் சற்று மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலிக்கும் யானைக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சோனி சொன்னது, துணி மாதிரி மேலே போர்த்தும் படங்களோ ஒளியோ எதுவும் இல்லாத வெறும் துண்டுகளின் கணக்கு. ஓடுகிற கேமில் அது பல மடங்கு குறையும். வாங்குகிறவருக்கு அந்த விவரம் போய்ச் சேரவில்லை, பெரிய எண் மட்டும் போய்ச் சேர்ந்தது.

இப்போது கடையில் நிற்கும் ஓர் அப்பாவை நினைத்துப் பாருங்கள். கையில் 200 டாலர் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே பழைய பிளேஸ்டேஷன். அந்தப் பழைய கேம்கள் புதியதிலும் ஓடுமாம், டிவிடி படமும் பார்க்கலாமாம். அவர் ட்ரீம்காஸ்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்கிறார். ஹைப், அதாவது ஊதிப் பெருக்கிய எதிர்பார்ப்பு, செய்கிற வேலை இதுதான் என்பது என் கருத்து. எதிரியின் பொருளைக் கெட்டது என்று யாரும் நம்பத் தேவையில்லை. வாங்குவதைத் தள்ளிப்போட்டாலே போதும். இவர் தள்ளிப்போட்டால் விற்பனை எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கேம் தயாரிப்பவர்களும் தள்ளிப்போடுவார்கள், கேம் குறைந்தால் இவர் பொறுத்திருந்தது சரி என்றே ஆகிவிடும். பெரிய கேம் தயாரிப்பு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூட வெளியிடவில்லை. ஃபுட்பால் மாதிரி விளையாட்டுகளை வைத்துச் செய்யும் கேம்கள் விஷயத்தில் சேகாவோடு அவர்களுக்கு ஒத்துப்போகாததும் அதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேகாவை மட்டும் ஏன் மக்கள் நம்பவில்லை? காரணம் 1995இல் இருக்கிறது. அந்த மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வரவேண்டிய சாட்டர்ன் என்ற தங்கள் முந்தைய பெட்டியை “இன்றே கடையில்” என்று திடீரென அறிவித்தார்கள். விலை 399 டாலர். பல கடைகளுக்குச் சரக்கே போகவில்லை. கோபத்தில் கேபி டாய்ஸ் பொம்மைக் கடைகள் சேகா பொருட்களை விற்க மறுத்தன. அன்றைக்கே சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, முதல் பிளேஸ்டேஷனின் விலையை, “299” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் அதிர்ந்தது. நான்கு வருடம் கழித்து ட்ரீம்காஸ்டை எவ்வளவு பாடுபட்டுச் செய்திருந்தாலும், அந்தக் காயம் வாங்குகிறவர்கள் மனதிலும் கடைக்காரர்கள் மனதிலும் இருந்தது.

2000 மார்ச் 4. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. முதல் வார இறுதியிலேயே பத்து லட்சத்தை நெருங்கிய விற்பனை. அதன் தொழில்நுட்பம் ராணுவ வேலைக்கும் உதவலாம் என்று ஜப்பான் அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட, அதுவே உலகச் செய்தி ஆனது. அக்டோபரில் அமெரிக்கா வந்தபோது உதிரிபாகத் தட்டுப்பாட்டால் பத்து லட்சம் பெட்டிகளுக்குப் பதில் ஐந்து லட்சம்தான் வந்தன. கிடைக்காததால் ஆசை இன்னும் கூடியது. இபேயில் விலை எங்கோ போனது.

ஹைப் மட்டுமே பிளேஸ்டேஷன் 2ஐ ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். டிவிடி உண்மையிலேயே ஓடியது, பழைய கேம்களும் ஓடின, நல்ல புதிய கேம்களும் வந்து குவிந்தன. சொன்னதில் பெரும்பகுதி நடந்ததால்தான் அது 16 கோடி வரை விற்றது. ட்ரீம்காஸ்ட் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

தயாரிப்பை நிறுத்தும் அறிவிப்புக்குப் பின் அதன் விலை 149 டாலரிலிருந்து 99 டாலராக இறங்கியது. சேகா மற்றவர்களின் பெட்டிகளுக்குக் கேம் செய்யும் கம்பெனியாக மாறியது. அதன் பெருமைக்குரிய சண்டை கேமான விர்ச்சுவா ஃபைட்டர் 4, 2002இல் வீடுகளுக்கு வந்தபோது ஓடியது பிளேஸ்டேஷன் 2இல்.